மூக்கைத் தொடச் சொன்ன அக்கா

சொன்னவுடனே என் மகள் செருப்பைப் போட்டுக்கொண்ட அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

செம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் போகிற தெருவில், ஒரு வீட்டு மாடியில் அந்தப் பயிற்சி நடந்தது. நடத்தைக் கோளாறு உள்ள சின்னப் பிள்ளைகளுக்கானது. நான் கீழே பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். மேலேயிருந்து பயிற்சி கொடுக்கிற பெண்ணின் குரல் கேட்டது. "செருப்பு போட்டுக்கோ." அவ்வளவுதான், ஒரே ஒரு தடவை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்குப் பின்னால் வருவது அலறல், அப்புறம் தரையில் புரளல், அப்புறம் யாருடைய கையிலாவது பல் தடம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கால்களிலும் செருப்போடு என் மகள் படியிறங்கி வந்தாள். இடது வலது மட்டும் மாறியிருந்தது.

அவளைத் தூக்கி பைக்கில் வைத்து, கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கேயாவது கிள்ளிய அடையாளம் இருக்கிறதா என்று. இல்லை. வாயை முகர்ந்து பார்த்தேன், மருந்து வாடை வருகிறதா என்று. மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாத வாடைதான் வந்தது.

என் பிழைப்பு அப்படி. நாவலூரில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் க்ளெய்ம்களைச் சரிபார்க்கிற வேலை. கால் உடைந்தது என்று பணம் கேட்பவர் ஆஸ்பத்திரி வாசலில் எந்தக் காலை ஊன்றி இறங்குகிறார் என்று பார்ப்பேன். உண்மையிலேயே கால் உடைந்தவர்கள்தான் அதிகம். அவர்களையும் முதலில் அப்படித்தான் பார்ப்பேன். "காபி குடுத்தாகூட அதுல என்ன கலந்திருக்கேன்னு பாக்கற ஆளு நீங்க" என்பாள் என் மனைவி. பொய்யில்லை. சில நாள் காபியைப் பார்த்திருக்கிறேன்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது நிறையவில்லை. பேச்சில் கெட்டிக்காரி. ஆனால் பெரியவர் யார் எதைச் சொன்னாலும் "மாட்டேன்". குளிக்க மாட்டேன், இறங்க மாட்டேன், ஏற மாட்டேன். அவளுக்குப் பிடித்த முறுக்கைக் கொடுத்து "சாப்பிடு" என்றாலும் மாட்டேன். தட்டை வைத்துவிட்டு நகர்ந்தால் சாப்பிடுவாள். முதலில் பிடிவாதம் என்றோம். சர்ச்சில் சில அக்காமார் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணினார்கள். தாம்பரத்தில் பார்த்த குழந்தை மருத்துவர்தான் இது பிடிவாதமில்லை, நடத்தைக் கோளாறு, சீக்கிரமே கவனித்தால் நல்லது என்றார். அவர் சொன்னதையும் நான் உடனே நம்பிவிடவில்லை. இன்னொருவரிடம் காட்டினேன். அவரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்களோ என்று விசாரித்தேன்.

என் மனைவி ஆசிரியை, மகள் படிக்கிற பள்ளியில் இல்லை, வேறொன்றில். வகுப்பு நிறைய பிள்ளைகள் அவள் கண் அசைவுக்கு அடங்கும். வீட்டில் பெற்ற ஒன்று அடங்காது. அந்த வெட்கத்தில் அவள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடக் கடைசி வரிசைக்கு மாறிவிட்டாள்.

இதெல்லாம் எப்படியோ போயிருக்கும். பள்ளிக்கூடம்தான் கழுத்தைப் பிடித்தது. கிழக்குத் தாம்பரத்தில் மகள் படித்த பள்ளியில், இடைவேளை முடிந்து மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் வகுப்புக்குள் போகும். இவள் மைதானத்து வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கூப்பிடக் கூப்பிட இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். ஒரு நாள் தண்ணீர் லாரிக்காகக் கேட்டைத் திறந்திருக்கிறார்கள். மிஸ் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓட, இவள் ரோட்டுக்கே போய்விட்டாள். ஒரு ஷேர் ஆட்டோ சடாரென்று பிரேக் போட்டதால் பிழைத்தாள்.

தலைமை ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். "லீவு முடிஞ்சு வரட்டும் சார், ஒரு வாரம் பாக்கறோம். கூப்பிட்டா உள்ள வரணும். அது ஒண்ணுதான் கேக்கறோம். அதுவும் முடியலன்னா வேற ஸ்கூல் பாத்துக்கோங்க. ஏதாவது ஆயிடுச்சுன்னா நாங்க என்ன பதில் சொல்றது?" என்றார். பக்கத்தில் மகளின் வகுப்பு மிஸ் நின்றார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் கைக்குட்டை, வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். இவர்தான் மேலே போய்ப் போட்டுக்கொடுத்திருக்கிறார், என் மகளைக் கழித்துக்கட்டப் பார்க்கிறார் என்று அன்றே முடிவு கட்டினேன். இந்தப் பள்ளியும் போனால் வேறெந்தப் பள்ளி இவளைச் சேர்த்துக்கொள்ளும் என்று மனைவி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

அப்படித்தான் செம்பாக்கம் மாடிக்கு வந்து சேர்ந்தோம். அந்த மாடியில்தான் செருப்பு அதிசயம் நடந்தது.

மாடம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், முன்னால் உட்கார்ந்திருந்த மகளிடம் விசாரணையை ஆரம்பித்தேன்.

"அக்கா அடிச்சாங்களா?"

"இல்ல."

"சாக்லேட் குடுத்தாங்களா?"

"இல்ல."

"பூச்சாண்டி வந்து புடிச்சிட்டுப் போயிடும்னு சொன்னாங்களா?"

"பூச்சாண்டி எந்த ஊரு?"

"அப்ப என்னதான் பண்ணாங்க?"

"மூக்க தொட சொன்னாங்க."

"எதுக்கு?"

"மூக்கு இருக்குல்ல, அதுக்கு."

அதற்கு மேல் கேட்டபோது வாயை இறுக மூடிக்கொண்டாள். பைக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சாட்சி சொல்ல மறுக்கிற ஆட்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்தைந்து இருந்தால் அதிகம். "மேல வந்து உக்காருங்க சார், நீங்க பாத்தாதான் வீட்ல பண்ண முடியும்" என்று முதல் நாளிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் போகவில்லை. பார்ப்பதற்கு ஆள் இருந்தால் யாரும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்வார்கள். நான் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. பக்கத்து மனையில் பாதி கட்டி நின்ற ஒரு அபார்ட்மெண்ட் கண்ணில் பட்டது. அதன் இரண்டாம் மாடியிலிருந்து பயிற்சி அறையின் ஜன்னல் நேராகத் தெரியும். அடுத்த வகுப்பன்று மகளை மாடிக்கு அனுப்பிவிட்டு, சிமெண்ட் மூட்டைகளைத் தாண்டி ஏறினேன்.

மகளும் அந்தப் பெண்ணும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவே பென்சில்கள் இறைந்து கிடந்தன. வாரிப் போடச் சொன்னால் என் மகள் ஒரு பென்சிலை உடைத்து நம் மேலேயே எறிவாள். "கை தட்டு" என்றாள் அந்தப் பெண். மகள் தட்டினாள். "சூப்பர்! மூக்க தொடு." தொட்டாள். "அய்யோ, சரியா தொட்டுட்டியே! கன்னத்த உப்பு." உப்பினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள், அதே குரலில், "பென்சில டப்பால போடு." மகள் ஒரு பென்சிலை எடுத்து டப்பாவில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள்.

நான் தேடியது எதுவும் இல்லை. குச்சியும் இல்லை, மிட்டாயும் இல்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது. இவ்வளவு சுலபமாக ஒன்று நடந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கவேண்டும். எட்டிப் பார்க்க இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன்.

"யோவ், யாருய்யா அது?" பின்னாலிருந்து ஒரு குரல். கட்டடத்து வாட்ச்மேன், கையில் டார்ச்சோடு, பட்டப்பகலில். "இன்னா சார், டீசன்டா கீற, கொழந்திங்க இருக்கற வூட்டு ஜன்னல பாத்துகினு கீற?"

"உள்ள இருக்கறது என் பொண்ணுப்பா."

"எல்லாரும் அதான் சொல்வாங்க. உன் பொண்ணுன்னா வாசல் வழியா போய் பாக்க வேண்டியதுதான? இங்க இன்னாத்துக்கு ஏறிகினு நிக்கற?"

ஜன்மத்தில் முதல் தடவையாக நான் பதில் சொல்ல வேண்டிய பக்கத்தில் நின்றேன். ஆபீஸ் அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது டூப்ளிகேட்டா கூட இருக்கும்" என்றார். கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அதே நேரத்தில், ஆள் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்றும் தோன்றியது. சத்தம் கேட்டு அந்தப் பெண் ஜன்னலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை.

"அண்ணா, அவரு தெரிஞ்சவருதான், விட்டுடுங்க. சார், அங்க கம்பி எல்லாம் நீட்டிட்டு இருக்கு, பாத்து எறங்குங்க. எறங்கி உள்ள வாங்க."

காலரில் சிமெண்ட் தூசியோடு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"நீங்க சொல்லிப் பாருங்க சார்" என்றாள். மகளைப் பார்த்து, "கை தட்டறியாம்மா? தட்டுவேல்ல? அக்காக்கு தட்டினல்ல, அப்பாக்கும் தட்டு பாப்போம், தட்டமாட்டியா?" என்றேன். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"சார், நீங்க சொல்லவே இல்ல, கேள்விதான் கேட்டீங்க. கேட்டா அவ மாட்டேன்னு பதில் சொல்றா. அது சரியான பதில்தான?" என்றாள். எரிச்சலாக இருந்தது. என் மகளைவிடச் சின்ன வயதிலேயே இவளுக்கு வாய் முளைத்திருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். கிட்டே போய், மகளின் கண் மட்டத்துக்குக் குனிந்து சொல்லவேண்டும். ஒரு தடவைதான். சின்ன வாக்கியம். அவளுக்குச் செய்யப் பிடித்த, எப்போதும் செய்கிற சின்னச் சின்ன விஷயங்களை முதலில் சொல்லவேண்டும், அடுத்தடுத்து. செய்ததும் மனசாரப் பாராட்டவேண்டும். சொன்னதைச் செய்கிற ருசி நாக்கில் இருக்கும்போதே, கஷ்டமானதைச் சொல்லிவிடவேண்டும்.

"ஏமாத்தறதா?" என்றேன்.

"இல்ல சார். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் பெரியவங்க அவகிட்ட என்னெல்லாம் சொல்றாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அவளுக்குப் புடிச்சது ஒண்ணாவது இருக்கா? பெரியவங்க வாயத் தொறந்தாலே ஏதோ கெட்டது வருதுன்னு அவ முடிவு பண்ணிட்டா. அத மாத்தறோம், அவ்ளோதான்."

வீட்டில் செய்து பார்த்தேன். கை தட்டு, மூக்கைத் தொடு, கன்னத்தை உப்பு, குளிக்க வா. வந்தாள். நான் வாயைப் பிளந்தேன். மறுநாள் அதே கை, மூக்கு, கன்னம், பல் தேய். தேய்த்தாள். சோப்பு விளம்பரத்துக்காரன் மாதிரி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சில நாள்தான். ஒரு காலையில் கையைத் தட்டினாள், மூக்கைத் தொட்டாள். "கன்னத்த உப்பு" என்றதும் நிறுத்திவிட்டு, கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள்.

"அடுத்து என்ன சொல்லப் போற?"

நான் திடுக்கிட்டுப் போனேன். அந்தச் சுருக்கிய கண் என்னுடையது. தினமும் கண்ணாடியில் பார்ப்பது. அன்றிலிருந்து கை தட்டு என்றாலே கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். குளியல், பல், எல்லாம் பழையபடி ஆனது. பள்ளி திறக்க நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

செம்பாக்கத்தில் இதைச் சொன்னபோது அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க பொண்ணு சார், வேற எப்படி இருப்பா? ஒவ்வொரு தடவையும் மூக்குக்குப் பின்னாடி குளியல வெச்சா கண்டுபுடிக்க மாட்டாளா? நெறைய தடவை சும்மா சொல்லுங்க. மாத்தி மாத்தி சொல்லுங்க. அவகிட்டேர்ந்து எதுவும் வேணாம்ங்கறப்ப சொல்லுங்க."

எதுவும் வேண்டாதபோது ஒருவர் இன்னொருவரிடம் எதற்காக ஒன்றைச் சொல்லவேண்டும்? எனக்கு அது பிடிபடவே இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. மாலையில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தெருவில் போன ஒரு நாயைக் காட்டி, "அந்த நாய் மாதிரி குரை" என்றேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். பொறி எங்கே இருக்கிறது என்று தேடினாள். அப்புறம் ஒரு சின்னக் குரைப்பு. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவள் காத்திருந்தாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒற்றைக் காலில் நில், அதற்கடுத்த நாள் காக்காய் மாதிரி கத்து. பின்னால் எதுவும் வராது. அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "ஆபீஸ்ல வேலை போயிடுச்சாங்க?" என்றாள்.

பிறகு மகள் என்னிடம் சொல்ல ஆரம்பித்தாள். "அப்பா, நாக்க நீட்டு." எதற்கு என்று கேட்க வாய் வரும், அடக்கிக்கொண்டு நீட்டுவேன். "அப்பா, குதி." குதிப்பேன். இதற்குப் பின்னால் ஐஸ்கிரீம் இருக்குமோ, செல்போன் இருக்குமோ என்று முதல் சில நாள் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. நான் குதிப்பதைப் பார்க்க அவளுக்கு ஆசை, அவ்வளவுதான். பள்ளி திறப்பதற்குள் கையும் மூக்கும் குளியலும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன.

என் மனைவி வகுப்பு மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு வந்தாள். "என்ன சொன்னாங்க?" என்றேன். "பாக்கறேன்னாங்க." அந்த ஒரு வார்த்தையை இரண்டு நாள் மென்றேன். பார்க்கிறேன் என்றால் செய்ய மாட்டேன் என்று அர்த்தம். என் ஆபீஸில் நான் யாரிடமெல்லாம் "பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கிறேனோ, அவர்கள் எல்லோருக்கும் அதுதான் அர்த்தமாக இருந்தது.

பள்ளி திறந்த அந்த வாரத்தில் சில நாள் உள்ளே போனாள், சில நாள் மரத்தைக் கட்டிக்கொண்டாள் என்று செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை நேரில் நின்று பார்ப்பார், அன்றே முடிவு. நான் மனைவிக்குச் சொல்லாமல் அரை நாள் லீவு போட்டேன். பள்ளிக் காம்பவுண்டுச் சுவரில் காற்றுக்காக வரிசையாக ஓட்டை விட்டிருப்பார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினால் யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று, ஹெல்மெட்டோடு அதில் கண்ணை வைத்து நின்றேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே ஓடின. மகள் வேப்பமரத்தடியில் நின்றாள். வராந்தாவில் தலைமை ஆசிரியை. வகுப்பு மிஸ் மரத்தை நோக்கி நடந்தார். இதோ கத்தப் போகிறார், கையைப் பிடித்து இழுக்கப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்தேன். கஞ்சி போட்ட புடவை கசங்க அவர் மண்ணில் மண்டியிட்டார். "கை தட்டு" என்றார். மகள் தட்டினாள். "ஒரு குதி!" குதித்தாள். "மூக்க தொடு." தொட்டாள். அவரும் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்தார். தலைமை ஆசிரியை பார்ப்பதால்தான் இந்த நடிப்பு என்று அப்போதும் என் மனது சொன்னது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னது.

"உள்ள வா."

மகள் ஒரு அடி வைத்தாள். நின்றாள். தலையைத் திருப்பி நேராகச் சுவரைப் பார்த்தாள். ஓட்டைக்குள் தெரிகிற சிவப்பு ஹெல்மெட்டை அவளுக்கா தெரியாது?

"அப்பா!"

எல்லோரும் திரும்பினார்கள். நான் வந்து கெடுத்துவிட்டேன். மரத்தடியில் முடிந்திருக்க வேண்டியதை நானே கெடுத்துவிட்டேன்.

"அப்பா, கை தட்டு."

சுவருக்கு வெளியே, நடைபாதையில், போகிறவர்கள் பார்க்கப் பார்க்கத் தட்டினேன்.

"அப்பா, மூக்க தொடு."

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கித் தொட்டேன்.

"அப்பா, குதி."

குதித்தேன். அவள் சிரித்தாள். "சூப்பர்" என்றாள், அந்த மாடி அறையில் கேட்ட அதே ராகத்தில். பிறகு குரலை மாற்றாமல் சொன்னாள்.

"வீட்டுக்குப் போ. பாக்காம போ."

ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பின் வாயைத் திறக்கவில்லை. காத்திருந்தாள்.

நான் திரும்பினேன். பைக் நிறுத்தியிருந்த இடம் வரை அந்தச் சுவர் ஓட்டை ஓட்டையாகக் கூடவே வந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் கண் போகத் துடித்தது. பார்க்கவில்லை. அவள் உள்ளே போனாளா, மறுபடி மரத்தைக் கட்டிக்கொண்டாளா என்று தெரியாமலே வண்டியை எடுத்தேன். கேம்ப் ரோடு சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர், "சார், பச்சை வுழுந்து எவ்ளோ நேரமாவுது" என்றபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

மத்தியானம் மனைவி கூப்பிட்டாள். "நீங்க போனதும் உள்ள போயிட்டாளாம். மிஸ் சொன்னாங்க. இங்கேயே படிக்கட்டும்னு ஹெட் மிஸ்ஸும் சொல்லிட்டாங்களாம்." யார் பார்த்தது, நீ பார்த்தாயா, அவர் சொன்னதை எப்படி நம்புவது, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. "சரி" என்று மட்டும் சொன்னேன். "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள் அவள்.

சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு செம்பாக்கத்துக்குக் கிளம்பினேன். வாசல்படியில் செருப்புக்குப் பக்கத்தில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, திரும்பிப் பாத்தியா?"

"இல்ல."

கண்ணைச் சுருக்கினாள். என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை நம்பவேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

"சரி" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து, இடது வலது மாற்றிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.